ஒரே பெயரில் இரண்டு விலை

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் கற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலோர் நார்த்விண்ட் என்ற பயிற்சி டேட்டாபேஸைத் திறந்து பார்த்திருப்பார்கள். உணவுப் பொருட்களை வாங்கி விற்கும் ஒரு கற்பனை நிறுவனத்தின் கணக்கு அது. அதன் பழைய வடிவத்தில் முதல் ஆர்டரின் எண் 10248. அதில் மூன்று சரக்குகள்: கேசோ கப்ராலெஸ் என்ற பாலாடைக்கட்டி 12, சிங்கப்பூர் ஹொக்கியன் மீ 10, மொசரெல்லா 5. விற்ற விலை முறையே 14 டாலர், 9.80 டாலர், 34.80 டாலர். பெருக்கிக் கூட்டினால் 440 டாலர்.

இதே ஆர்டருக்கு 566 டாலர் என்று காட்டும் ஒரு ஃபார்மையும் ஐந்தே நிமிடத்தில் செய்துவிடலாம். பிழைச் செய்தி எதுவும் வராது. பெருக்கலும் கூட்டலும் சரியாகவே நடக்கும். விலையை எடுத்த இடம்தான் தவறு. ஆர்டர் டீட்டெய்ல்ஸ் என்ற டேபிளில் யூனிட்பிரைஸ் என்று ஒரு ஃபீல்டு இருக்கிறது. பிராடக்ட்ஸ் என்ற டேபிளிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. முதலாவது, அந்த ஆர்டரில் விற்ற விலை. இரண்டாவது, இப்போதைய விலைப்பட்டியல். பட்டியலில் கேசோ கப்ராலெஸ் 21 டாலர், ஹொக்கியன் மீ 14 டாலர். மொசரெல்லா மட்டும் அதே 34.80. ஃபார்மில் இரண்டாவதை இழுத்துப் போட்டவருக்கு வாடிக்கையாளரிடம் 126 டாலர் கூடுதலாகக் கேட்கும் பில் கிடைக்கும். மொசரெல்லா வரியை மட்டும் சரிபார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று அவர் எழுந்துபோகவும் கூடும்.

பல டேபிள்களைச் சேர்த்து எழுதிய குவெரியின் மேல் ஃபார்ம் கட்டும்போது வரும் முதல் சிக்கல் இந்தப் பெயர் மோதல்தான். பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும் தவறைவிட, சத்தமில்லாமல் வேறு எண்ணைக் காட்டும் தவறு பல மடங்கு ஆபத்தானது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டேபிளை வடிவமைத்தவர் மேல் குற்றம் எதுவும் இல்லை. பிராடக்ட்ஸ் டேபிளை மட்டும் பார்த்தால் யூனிட்பிரைஸ் என்பதே பொருத்தமான பெயர். ஆர்டர் டீட்டெய்ல்ஸை மட்டும் பார்த்தாலும் அப்படித்தான். ஒரே வகுப்பில் இரண்டு செந்தில் வந்து சேரும்போதுதான் எஸ். செந்தில், கே. செந்தில் என்று இனிஷியல் தேவைப்படுகிறது. அவரவர் வீட்டில் வெறும் செந்தில் போதும். குவெரி என்பது பல டேபிள்களிலிருந்து வேண்டிய ஃபீல்டுகளை எடுத்து ஒரே வரிசையாக நிறுத்தும் இடம். தனித்தனியே குழப்பமில்லாமல் இருந்த பெயர்கள் அங்கேதான் முதன்முறையாக அருகருகே வந்து நிற்கின்றன. நார்த்விண்டிலேயே கஸ்டமர்ஸ், சப்ளையர்ஸ், ஷிப்பர்ஸ் மூன்று டேபிளிலும் கம்பெனிநேம் என்ற ஃபீல்டு உண்டு. யாருக்கு விற்றோம், யாரிடம் வாங்கினோம், யார் மூலம் அனுப்பினோம் என்ற மூன்றையும் ஒரே திரையில் காட்ட நினைத்தால், மூன்று கம்பெனிநேம் வந்து நிற்கும்.

அப்போது ஆக்சஸ் என்ன செய்கிறது? எந்த டேபிள் என்று சொல்லாமல் எஸ்க்யூஎல்லில் வெறும் யூனிட்பிரைஸ் என்று எழுதினால், இந்தப் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட டேபிள்களைக் குறிக்கலாம் என்று சொல்லி நிறுத்திவிடும். அது நல்லது. ஆனால் குவெரி டிசைன் கட்டத்தில் இரண்டு டேபிளிலிருந்தும் ஃபீல்டை இழுத்துப் போட்டால் அது மறுப்பதில்லை. தானாகவே டேபிள் பெயரை முன்னால் ஒட்டி, ஆர்டர் டீட்டெய்ல்ஸ்.யூனிட்பிரைஸ், பிராடக்ட்ஸ்.யூனிட்பிரைஸ் என்று இரண்டு பெயர்களை உண்டாக்கிக்கொள்ளும். ஃபார்மின் ஃபீல்டு பட்டியலில் இந்த நீளமான பெயர்கள்தான் தெரியும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த நடுப்புள்ளி, டேபிளையும் ஃபீல்டையும் பிரிக்கும் வழக்கமான புள்ளி அல்ல. குவெரி வெளியே தரும் பெயரின் ஒரு பகுதியாகவே அது ஆகிவிட்டது. அதனால் கோடில் எழுதும்போது முழுப் பெயரையும் ஒரே சதுர அடைப்புக்குள் வைக்க வேண்டும்: மீ![ஆர்டர் டீட்டெய்ல்ஸ்.யூனிட்பிரைஸ்] என்று. டேபிளுக்கு ஓர் அடைப்பு, ஃபீல்டுக்கு ஓர் அடைப்பு என்று பிரித்து எழுதிவிட்டு, ஏன் கிடைக்கவில்லை என்று தேடுபவர்கள் நிறைய. டேபிள் டிசைனில் நாமாக ஒரு ஃபீல்டுக்குப் பெயர் வைக்கும்போது புள்ளியை ஆக்சஸ் அனுமதிப்பதே இல்லை. நமக்கு மறுக்கும் எழுத்தை, குவெரியில் தானே சேர்த்துக்கொள்கிறது.

இந்தத் தானியங்கிப் பெயரை அப்படியே நம்பி ஃபார்ம் கட்டக்கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. அந்தப் பெயர் நிலையானதல்ல. மோதல் இருக்கும்வரைதான் முன்னொட்டு இருக்கும். இன்று குவெரியில் ஒரே ஒரு யூனிட்பிரைஸ்தான் இருக்கிறது. ஃபார்மில் உள்ள டெக்ஸ்ட் பாக்ஸ் யூனிட்பிரைஸ் என்ற பெயரோடு இணைந்து ஒழுங்காக ஓடுகிறது. ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் பட்டியல் விலையையும் காட்டலாமே என்று பிராடக்ட்ஸ்.யூனிட்பிரைஸை அதே குவெரியில் சேர்க்கிறார். அந்தக் கணமே பழைய ஃபீல்டின் பெயர் ஆர்டர் டீட்டெய்ல்ஸ்.யூனிட்பிரைஸ் என்று மாறிவிடுகிறது. டெக்ஸ்ட் பாக்ஸ் பழைய பெயரையே தேடி, கிடைக்காமல், #நேம்? என்று காட்டுகிறது. சேர்த்தவர் ஃபார்மைத் தொடவே இல்லை. இருந்த ஃபீல்டையும் தொடவில்லை. தலைகீழாகவும் நடக்கும்: இரண்டில் ஒன்று வேண்டாம் என்று நீக்கினால், மிஞ்சியதன் முன்னொட்டு உதிர்ந்து, முன்னொட்டோடு இணைத்திருந்த கண்ட்ரோல் அநாதையாகும்.

தீர்வு எளிது. மோதும் ஃபீல்டு ஒவ்வொன்றுக்கும் குவெரியிலேயே நாமாக ஒரு பெயர் வைத்துவிட வேண்டும். இதற்குத்தான் அலியாஸ் என்று பெயர். டிசைன் கட்டத்தின் முதல் வரியில், ஃபீல்டு பெயருக்கு முன்னால் புதுப் பெயரையும் ஒரு முக்காற்புள்ளியையும் சேர்த்தால் போதும்: சோல்டுபிரைஸ்: யூனிட்பிரைஸ். அடுத்ததற்கு லிஸ்ட்பிரைஸ்: யூனிட்பிரைஸ். எஸ்க்யூஎல்லில் எழுதுபவர்கள் ஆஸ் என்ற சொல்லைப் போட்டு இதையே செய்வார்கள். இனி யார் எந்த டேபிளைக் கொண்டுவந்து சேர்த்தாலும் சோல்டுபிரைஸ் சோல்டுபிரைஸாகவே இருக்கும்.

எப்படிப்பட்ட பெயர் வைப்பது? டேபிள் பெயரை முன்னால் ஒட்டி பிராடக்ட்யூனிட்பிரைஸ் என்று வைப்பவர்கள் உண்டு. தவறில்லை. ஆனால் இந்த எண் எந்த டேபிளிலிருந்து வந்தது என்பதைவிட, இந்தத் திரையில் இது என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லும் பெயரே மேல் என்பது என் உறுதியான எண்ணம். ஃபார்மைத் திருத்த வரும் அடுத்த ஆளுக்கு டேபிள்களின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சோல்டுபிரைஸ் என்று பார்த்தாலே அவருக்குப் புரியும். நார்த்விண்டின் எஸ்க்யூஎல் சர்வர் வடிவத்தில் இன்வாய்சஸ் என்று ஒரு வியூ இருக்கிறது. அதில் கஸ்டமர்ஸின் கம்பெனிநேம், கஸ்டமர்நேம் ஆகியிருக்கிறது. ஷிப்பர்ஸின் கம்பெனிநேம், ஷிப்பர்நேம் ஆகியிருக்கிறது. ஊழியரின் முதற்பெயரும் கடைசிப் பெயரும் சேர்ந்து சேல்ஸ்பர்சன் ஆகியிருக்கின்றன. விலைக்கு அது எடுத்திருப்பது ஆர்டர் டீட்டெய்ல்ஸின் யூனிட்பிரைஸைத்தான். புதிதாகக் கற்பவர்கள் அந்த வியூவை ஒருமுறை வரி வரியாகப் படித்துவிடுவது நல்லது.

இது புதிய பிரச்சினையும் அல்ல. ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற கருத்துக்கு அடித்தளமிட்ட ஐபிஎம் ஆராய்ச்சியாளர் எட்கர் காட், 1970-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதைத் தொட்டிருக்கிறார். ஒரு பாகம் இன்னொரு பாகத்துக்குள் எத்தனை எண்ணிக்கையில் அடங்குகிறது என்று காட்டும் ஒரு அட்டவணை அதில் வருகிறது. இரண்டு பத்திகளின் தலைப்பும் ‘பார்ட்’ என்றே இருக்கிறது. எது உள்ளே இருப்பது, எது வெளியே இருப்பது? பத்திகளின் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளும்படி பயனரிடம் சொல்லக்கூடாது என்பது காட்டின் நிலை. ஒன்றுக்கு ‘சப்’ என்றும் மற்றதற்கு ‘சூப்பர்’ என்றும், அது வகிக்கும் பாத்திரத்தின் பெயரை முன்னால் சேர்க்கச் சொன்னார்.

காட் காட்டிய அதே வடிவம் ஆக்சஸில் ஒரு டேபிளைத் தன்னோடு தானே இணைக்கும்போது வரும். எம்ப்ளாயீஸ் டேபிளில் ரிப்போர்ட்ஸ்டூ என்ற ஃபீல்டு, அந்த ஊழியரின் மேலாளர் யார் என்று சொல்கிறது. மேலாளரின் பெயரையும் காட்ட வேண்டுமென்றால் அதே டேபிளை இரண்டாம் முறை குவெரியில் சேர்க்க வேண்டும். ஆக்சஸ் அதற்கு எம்ப்ளாயீஸ்_1 என்று பெயர் வைக்கும். அந்த 1 மேலாளரா, ஊழியரா? பார்த்தால் தெரியாது. அந்த டேபிளின் ப்ராப்பர்ட்டி ஷீட்டில் அலியாஸ் என்ற இடத்தில் மேனேஜர் என்று மாற்றிவிட்டால் குவெரி முழுவதும் படிக்கும்படி ஆகிவிடும்.

அலியாஸ் வைத்தபின் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சோல்டுபிரைஸ் என்று மாற்றிவிட்டுக் குவெரியை ஓட்டிப் பார்க்கிறோம். பத்தித் தலைப்பில் இன்னும் பழைய ‘யூனிட் பிரைஸ்’ என்றே இருக்கிறது. மாற்றம் ஏறவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி மாற்றத் தோன்றும். மாற்றம் ஏறிவிட்டது. டேபிளில் அந்த ஃபீல்டுக்கு கேப்ஷன் என்ற காட்சிப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். டேட்டாஷீட் காட்டுவது அதைத்தான். ஃபீல்டின் பெயர் வேறு, கண்ணுக்குத் தெரியும் தலைப்பு வேறு. குவெரியில் அந்தப் பத்தியின் ப்ராப்பர்ட்டி ஷீட்டில் கேப்ஷனையும் மாற்றிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

தமிழில் ஃபார்ம் செய்பவர்களுக்கு இந்தக் கேப்ஷன் பெரிய வரம். ஆக்சஸ் டேபிளிலும் குவெரியிலும் ஃபீல்டுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஏற்றுக்கொள்ளும். ஆனால் விபிஏ கோடு எழுதும் ஜன்னல் பழைய காலத்து எழுத்துமுறையில் நிற்கிறது. தமிழ் எழுத்துகள் அங்கே வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். ஆகவே ஃபீல்டு பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, கேப்ஷனிலும் லேபிளிலும் ‘விற்ற விலை’, ‘பட்டியல் விலை’ என்று தமிழில் எழுதுவதே பாதுகாப்பு. பயன்படுத்துபவர் தமிழைப் பார்ப்பார், கோடும் தடையின்றி ஓடும்.

ஃபீல்டுக்குப் பெயர் வைத்தாயிற்று, கண்ட்ரோலுக்கு? ஃபீல்டு பட்டியலிலிருந்து இழுத்துப் போட்டால் டெக்ஸ்ட் பாக்ஸும் ஃபீல்டின் பெயரையே எடுத்துக்கொள்ளும். சாதாரணமாக இதில் தொல்லை இல்லை. தொல்லை எப்போது வரும் என்றால், அந்த டெக்ஸ்ட் பாக்ஸின் கண்ட்ரோல் சோர்ஸைப் பின்னால் ஒரு கணக்காக மாற்றும்போது. சோல்டுபிரைஸ் என்ற பெயருள்ள பாக்ஸில் =[சோல்டுபிரைஸ்]*1.18 என்று வரியைச் சேர்த்து எழுதினால், அந்தப் பெயர் ஃபீல்டைக் குறிக்கிறதா, பாக்ஸைக் குறிக்கிறதா? ஆக்சஸ் பாக்ஸையே எடுத்துக்கொண்டு, தன் மதிப்பைத் தன்னிடமே கேட்டுச் சுற்றி, #எரர் என்று காட்டும். கணக்கு எழுதும் பாக்ஸுக்கு டிஎக்ஸ்டி என்ற மூன்றெழுத்தை முன்னால் சேர்த்து வேறு பெயர் வைத்துவிட்டால் தீர்ந்தது. நேம், டேட் போன்ற சொற்களை ஃபீல்டு பெயராக வைப்பதையும் அடியோடு விட்டுவிடலாம். மீ.நேம் என்று எழுதினால் வாடிக்கையாளரின் பெயர் வராது. ஃபார்மின் பெயர் வரும்.

விலை மோதலைவிடச் சிக்கலானது கீ ஃபீல்டுகளின் மோதல். கஸ்டமர்ஸிலும் ஆர்டர்ஸிலும் கஸ்டமர்ஐடி இருக்கிறது. இரண்டு டேபிளையும் இணைப்பதே அதுதான். இணைந்த வரிசையில் இரண்டின் மதிப்பும் ஒன்றே, எதை எடுத்தால் என்ன என்று தோன்றும். பார்ப்பதற்கு மட்டுமான ரிப்போர்ட் என்றால் பெரும்பாலும் பரவாயில்லை. தகவலை ஏற்றும் ஃபார்ம் என்றால் நிலைமை முற்றிலும் வேறு.

ஆர்டர்ஸ்.கஸ்டமர்ஐடியை ஃபார்மில் வைத்தால், புதிய ஆர்டரில் வாடிக்கையாளர் குறியீட்டை அடித்த உடனே அவருடைய கம்பெனிநேம், முகவரி எல்லாம் தானாக வந்து நிரம்பும். ஆக்சஸில் இதற்கு ஆட்டோலுக்கப் என்று பெயர். மாறாக கஸ்டமர்ஸ்.கஸ்டமர்ஐடியை வைத்துவிட்டால், அதே குறியீட்டை அடிக்கும்போது நாம் ஒரு புதிய வாடிக்கையாளரைச் சேர்க்க முயல்கிறோம் என்று ஆக்சஸ் எடுத்துக்கொள்ளும். சேமிக்கப் போனால் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கும். ஏற்கெனவே உள்ள ஒரு ஆர்டரைத் திறந்து அந்தப் பெட்டியில் குறியீட்டை மாற்றினால் இன்னும் மோசம். ஆர்டரை வேறொருவர் பெயருக்கு மாற்றுவதாக நாம் நினைத்திருப்போம். நடப்பதோ அந்த வாடிக்கையாளரின் குறியீட்டையே மாற்றும் முயற்சி. கேஸ்கேட் அப்டேட் போட்டிருந்தால் அவருடைய பழைய ஆர்டர்கள் எல்லாவற்றிலும் அது போய் ஏறும்.

ஆகவே, எந்தப் பக்கம் ‘பல’ இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கீதான் ஃபார்மில் இருக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்குப் பல ஆர்டர். எனவே ஆர்டர்ஸின் கஸ்டமர்ஐடி. மற்றதைக் குவெரியின் வெளியீட்டிலிருந்தே எடுத்துவிட்டால் மோதலும் தீரும், பிழைக்கு இடமும் இருக்காது. கூடவே, தானாக நிரம்பும் கம்பெனிநேம் பெட்டியையும் பூட்டி வைக்க வேண்டும். ஆர்டர் திரையில் ஒருவர் அந்தப் பெயரைத் திருத்தினால் திருந்துவது கஸ்டமர்ஸ் டேபிள். அந்த வாடிக்கையாளரின் ஒவ்வொரு ஆர்டரிலும் பெயர் மாறிவிடும். லாக்டு என்ற ப்ராப்பர்ட்டியை யெஸ் என்று வைப்பது ஒரு நொடி வேலை.

‘பல’ பக்கத்துக் கீ என்ற விதிக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. லெஃப்ட் ஜாயின் போட்டு, ஆர்டர் செய்தவர், செய்யாதவர் எல்லா வாடிக்கையாளரையும் பட்டியலிடும்போது இரண்டு கஸ்டமர்ஐடியும் ஒன்றல்ல. நார்த்விண்டில் 91 வாடிக்கையாளர்கள். அவர்களில் ஃபிஸ்ஸா, பாரிஸ் என்ற குறியீடுகளைக் கொண்ட இருவர் ஒரு ஆர்டர்கூடக் கொடுத்ததில்லை. ஆர்டர்ஸ் பக்கத்துக் கீயை எடுத்தால் அவ்விருவரின் வரிசையிலும் அந்தப் பத்தி காலியாக இருக்கும். அங்கே கஸ்டமர்ஸ் பக்கத்துக் கீதான் வேண்டும்.

வெப்சைட் எழுதுபவர்களுக்கு இதே தொல்லை வேறு உருவில் வரும், அதுவும் ஆக்சஸ் அளவுக்கு எச்சரிக்கை இல்லாமல். மைஎஸ்க்யூஎல்லில் இரண்டு டேபிளை இணைத்து, நட்சத்திரக்குறி போட்டு எல்லாப் பத்தியையும் எடுத்தால், ஒரே பெயரில் இரண்டு பத்தி வருவதை அது தடுக்காது. பிஎச்பியில் அந்த வரிசையைப் பத்திப் பெயர்களின் வழியாக எடுக்கும்போது, ஒரே பெயருள்ளவற்றில் கடைசியாக வந்தது மட்டும் மிஞ்சும். முந்தையது சுவடில்லாமல் போய்விடும். எல்லா டேபிளுக்கும் கீயின் பெயரை வெறும் ஐடி என்று வைத்துப் பழகியவர்கள் இதில் அதிகம் அடிபடுவார்கள்: ஆர்டரை அழிக்கும் பட்டன், வாடிக்கையாளரின் ஐடியைத் தூக்கிக்கொண்டு போகும். அதே குவெரியை ஒரு வியூவாகச் சேமிக்கப் பார்த்தால் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றுமே பெயர் இரட்டிப்பாக இருக்கிறது என்று மறுத்துவிடும். இந்த மறுப்பை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஃபார்முக்கான குவெரியை முதலில் வியூவாக எழுதிப் பழகினால் மோதல்கள் அங்கேயே பிடிபட்டுவிடும். நட்சத்திரக்குறியைத் தவிர்த்து, தேவையான ஃபீல்டுகளை மட்டும் பெயர் சொல்லி எடுப்பது அதைவிட நல்ல பழக்கம்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஃபார்மில் இதையெல்லாம் சரிசெய்ய வேண்டியிருந்தால், முதலில் கோப்பை நகலெடுத்து நகலில் வேலை செய்யுங்கள். குவெரியில் அலியாஸ் வையுங்கள். பிறகு ஃபார்மை டிசைன் வியூவில் திறந்தால், பழைய பெயரைத் தேடும் கண்ட்ரோல்களின் மூலையில் சிறிய பச்சை முக்கோணம் தெரியும். ஒவ்வொன்றின் கண்ட்ரோல் சோர்ஸையும் புதுப் பெயருக்கு மாற்றுங்கள். ஃபார்மின் ஆர்டர் பை, ஃபில்டர் ப்ராப்பர்ட்டிகளையும் பார்த்துவிடுங்கள். பழைய பெயர் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால், ஃபார்ம் திறக்கும்போது மதிப்பை உள்ளிடச் சொல்லி ஒரு பெட்டி வந்து நிற்கும். கடைசியாக விபிஏ. ஆக்சஸ் 2000 முதல் இருக்கும் நேம் ஆட்டோகரெக்ட், மாறிய பெயர்களைச் சில இடங்களில் தானே திருத்தும்; விபிஏ கோடுக்குள் அது கைவைக்காது. ஆகவே கோடு ஜன்னலில் தேடும் வசதியைத் திறந்து, தேடும் எல்லையை முழு ப்ராஜெக்ட் என்று வைத்து, யூனிட்பிரைஸ் என்று அடித்து, வரும் ஒவ்வொரு வரியிலும் அது எந்த விலை என்று கேட்டுக்கேட்டு மாற்றுங்கள். ‘எல்லாவற்றையும் மாற்று’ என்ற பட்டனை இதற்கு மட்டும் அழுத்த வேண்டாம். சில வரிகளில் சோல்டுபிரைஸ் வரவேண்டும், சில வரிகளில் லிஸ்ட்பிரைஸ்.